நூல் அறுந்த ஊரில் ஒரு வாடகை வீடு

ஓட்டுக்கூரைக்கு அடியில் துணி காயப்போடும் பொது அறை. கொடியில் தொங்கிய என் சென்னிமலைப் போர்வையைக் கீழ்வீட்டு அம்மா கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஓரத்தில் பிரிந்து நின்ற ஒரு இழையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்கைப் பிரித்தார். அது இரண்டு புரியாகப் பிரிந்தது. ஒற்றைப் புரியை இழுத்து அறுத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்துநாலு" என்றார். அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஜெர்மன் மொழியில் எண்கள் எனக்கு அப்போது நன்றாகவே புரியும். ஆனால் எதற்கு முப்பத்துநாலு என்று புரியவில்லை. இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஐரோப்பாவில் நூலின் நம்பரை மீட்டர் கணக்கில் சொல்வார்கள். அவர்களுடைய முப்பத்துநாலு நம்மூர் இருபதாம் நம்பர். சென்னிமலைப் போர்வைக்கு இருபதாம் நம்பர் இரட்டைப் புரிதான் போடுவார்கள். விரலால் தொட்டே நூல் நம்பர் சொல்லும் மனிதர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என் அப்பா கோவையில் ஒரு மில்லில் இருபத்தோரு வருஷம் நூற்பு இயந்திரம் பார்க்கும் சைடராக இருந்தவர். உலகத்தின் இந்த மூலையில் அப்படி ஒருவர் எனக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஊரின் பெயர் கெம்னிட்ஸ். ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்க மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊடே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும். அது பழைய ஸ்லாவிய மொழிச் சொல். கல் நிறைந்த ஓடை என்று பொருள். மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் நமக்கும் ஒரு கல்லாறு உண்டு. இதை முதல்முறை படித்த அன்று ஊர்மீது ஒரு ஒட்டுதல் வந்தது.

நான் 2016 அக்டோபரில் இங்கே முதுகலை படிக்க வந்தேன். ஊரைப் பார்த்துப் பிடித்து வந்தேன் என்று சொன்னால் பொய். கையில் இருந்த பணத்துக்கு இந்த ஊர்தான் கட்டுப்படியானது. நான் சேர்ந்தபோது இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. விசா வாங்க ஜெர்மன் வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை அப்போது வருஷத்துக்கு 8,640 யூரோ. இப்போது 11,904 யூரோ. மாதாமாதம் பிரித்துத் தரப்படும் அந்தப் பணத்தில் மியூனிக்கில் அறை வாடகை கொடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும். கெம்னிட்ஸில் மாணவர் விடுதி அறைக்கு நான் கொடுத்தது இருநூறு யூரோ சொச்சம். மிச்சத்தில் அரிசி, பருப்பு, ஊருக்குப் பேச்சு, எல்லாம் அடங்கியது.

படிப்பை முடிக்கும் முன்பே, 2018 மார்ச்சில், விடுதியை விட்டு வெளியே வீடு பார்த்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சொன்னன்பெர்க் என்ற பகுதி. வெயில்மேடு என்று தமிழில் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மில்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்குமாக எழுந்த நான்கு மாடி, ஐந்து மாடி வீடுகள். 58 சதுர மீட்டருக்குக் குளிர் வாடகை 320 யூரோ. ஜெர்மனியில் வாடகை இரண்டு விதம். சுவருக்கும் கூரைக்கும் கொடுப்பது குளிர் வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்ந்தால் சூட்டு வாடகை. விளம்பரத்தில் குளிர் வாடகையைப் பார்த்துவிட்டு இங்கே வரும் பிள்ளைகள் முதல் மாதமே தடுமாறுவார்கள். மூன்று மாதக் குளிர் வாடகை வரை முன்பணம் கேட்கலாம் என்பது சட்டம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் போய் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்கி வேலை ஒப்பந்தம் வரை எதுவும் நகராது.

வீட்டைக் காட்ட வந்தவர் கதவைத் திறந்தபோது நான் முதலில் தேடியது அடுப்படியை. அறை இருந்தது. சுவரிலிருந்து இரண்டு தண்ணீர்க் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன, மின்சாரக் கம்பி ஒன்று சுருட்டி வைத்திருந்தது. தொட்டி இல்லை, அடுப்பு இல்லை, அலமாரி இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஜெர்மனியில் பல ஊர்களில் இதுதான் நடைமுறை: வீடு மாறுகிறவர் சமையலறையையும் தூக்கிக்கொண்டு போவார். நான் ஏழு வாரம் குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவி, தரையில் வைத்த ஒற்றை மின்னடுப்பில் சோறு வடித்தேன். பிறகு பழைய சாமான் விற்பவரிடம் ஒரு தொட்டியும் இரண்டு அலமாரியும் வாங்கினேன்.

இதே அளவு வீடு மியூனிக்கில் ஆயிரம் யூரோவைத் தாண்டும். இங்கே ஏன் இத்தனை மலிவு? வந்த முதல் இரண்டு வருஷம் இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மலிவாகக் கிடைக்கிறது, மகராசனாக இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

இந்த ஊரை ஒரு காலத்தில் 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்று அழைத்தார்கள். கோவைக்காரிக்கு இதைவிடப் பழக்கமான பட்டம் வேறென்ன இருக்க முடியும்? புகைபோக்கிகளின் கரி படிந்து கிடந்ததால் உள்ளூர்க்காரர்கள் 'கரிக் கெம்னிட்ஸ்' என்றும் சொன்னார்கள். முதலில் நூற்பாலை வந்தது. ஆலைக்கு இயந்திரம் வேண்டியிருந்ததால் இயந்திரப் பட்டறை வந்தது. அல்சாஸிலிருந்து 1832இல் கூலிக் கொல்லராக வந்து சேர்ந்த ரிச்சர்ட் ஹார்ட்மன் 1837இல் சொந்தப் பட்டறை போட்டார். நூற்பு இயந்திரம், தறி என்று தொடங்கி 1848இல் ரயில் எஞ்சின் செய்து கொடுத்தார். அவருடைய ஆலையிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் எஞ்சின்கள் போயிருக்கின்றன. லூயி ஷோன்ஹெர் விசைத்தறியைச் செப்பம் செய்து இங்கேயே தயாரித்தார். 1932இல் ஆடி, டிகேடபிள்யூ, ஹார்ஹ், வாண்டரர் என்ற நான்கு கார் நிறுவனங்கள் ஆட்டோ யூனியனாக ஒன்று சேர்ந்ததும் கெம்னிட்ஸில்தான். ஆடி காரின் முகப்பில் இன்றைக்கும் இருக்கும் நான்கு வளையங்கள் அந்த நான்கு நிறுவனங்கள். கெம்னிட்ஸில் உழைக்கிறார்கள், லைப்சிக்கில் வியாபாரம் செய்கிறார்கள், டிரெஸ்டனில் செலவழிக்கிறார்கள் என்று சாக்சனியில் ஒரு சொலவடை உண்டு. முதல் பகுதியைச் சொல்லும்போது இந்த ஊர்க் கிழவர்களின் குரல் கொஞ்சம் ஏறும்.

கோவையின் கதையும் இதே வரிசைதான். 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் பைக்காரா மின்சாரம், மில்கள் பெருக்கம், மில்லுக்கு உதிரிபாகம், பிறகு மோட்டார், பம்ப், 1962இல் நூற்பு இயந்திரங்களையே தயாரிக்கும் லட்சுமி மெஷின் வொர்க்ஸ். இந்த ஒற்றுமையை நான் வலிந்து தேடவில்லை. பருத்தி போன இடமெல்லாம் இப்படித்தான் ஊரை வளர்த்திருக்கிறது. பிறகு விட்டும் போயிருக்கிறது.

1945 மார்ச் 5ஆம் தேதி குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி அழிந்தது. 1953இல் கிழக்கு ஜெர்மன் அரசு ஊருக்குக் கார்ல்-மார்க்ஸ்-நகரம் என்று பெயர் மாற்றியது. மார்க்ஸ் இந்த ஊரில் வாழ்ந்தவர் அல்ல; தொழிலாளர் நகரம் என்பதால் அந்தப் பெயர். 1971இல் சோவியத் சிற்பி லெவ் கெர்பெல் செய்த மார்க்ஸின் தலை, ஏழு மீட்டர் உயரம், நாற்பது டன் எடை, நகரின் நடுவே நிறுவப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. சாக்சனி வழக்கில் தலைக்கு 'நிஷெல்' என்று ஒரு பேச்சுச் சொல். ஊரே சிலையை அப்படித்தான் கூப்பிடுகிறது. 1990இல் மக்கள் வாக்களித்துப் பழைய பெயரைத் திரும்ப வாங்கினார்கள். நூற்றுக்கு 76 பேர் கெம்னிட்ஸ் என்றார்கள்.

பெயர் திரும்பிய அதே கோடையில் வேலை போனது. 1990 ஜூலை 1ஆம் தேதி மேற்கு ஜெர்மன் மார்க் கிழக்குக்கு வந்தது. ஒரே இரவில் ஆலைகள் மேற்கின் நாணயத்தில் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளால் அந்த விலைக்கு வாங்க முடியவில்லை. ட்ராய்ஹாண்ட் என்ற அரசு அமைப்பின் கையில் ஏறத்தாழ 8,500 நிறுவனங்களும் அவற்றின் 40 லட்சம் தொழிலாளர்களும் ஒப்படைக்கப்பட்டார்கள். சில நிறுவனங்கள் விற்கப்பட்டன, பல மூடப்பட்டன. சாக்சனியின் நெசவுத் தொழில்தான் எல்லாவற்றுக்கும் முந்திச் சரிந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கீழ்வீட்டு அம்மா அவர்களில் ஒருவர். பதினாறு வயதில் நூற்பாலையில் சேர்ந்தவர். 1991இல் ஆலை மூடியபோது வயது நாற்பத்தொன்று. கதையை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு துண்டாக, படிக்கட்டில், தபால் பெட்டியருகில், குப்பைத் தொட்டி முன்னால் நின்று சொன்னார். நானும் அப்பாவிடம் போனில் ஒப்பிப்பேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏன் அம்மணி, அங்க மில்லு மூடுனப்போ ஆளுகளுக்குப் பணம் செட்டில் பண்ணுனாங்களா?" மறுநாள் கேட்டுச் சொன்னேன். வேலையில்லாதோர் உதவித்தொகை கிடைத்தது, கம்ப்யூட்டர் கற்றுக்கொள் என்று மறுபயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள், அரசு வேலைத் திட்டத்தில் இரண்டு வருஷம் பூங்காவில் புல் வெட்டினார், பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்தார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புல்லு வெட்டுனாங்களா? நூல்காரங்க கையாச்சே" என்றார். மில் மூடிய பிறகு அவர் பதினோரு வருஷம் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேனாக இருந்தார்.

அந்த அம்மாவின் மகன் 1996இல் ஸ்டுட்கார்ட் போனான். மகள் அதற்கு முன்பே. கிழக்கிலிருந்து இளையவர்கள் இப்படிக் கூட்டங்கூட்டமாக மேற்கே போனார்கள். 1980களில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கெம்னிட்ஸின் மக்கள்தொகை 2010 வாக்கில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. அதுவும் சுற்றுக் கிராமங்களை நகராட்சியோடு சேர்த்த பிறகு. வீடுகள் காலியாகிக்கொண்டே போயின. காலி வீட்டை இடிக்க 2002 முதல் அரசே பணம் கொடுத்தது. ஃபிரிட்ஸ் ஹெக்கர்ட் என்று தெற்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, 1974இல் கட்டத் தொடங்கியது. வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி எழுப்பியவை. ஏறத்தாழ 90,000 பேர் குடியிருந்த அந்த இடத்தில் இன்று பாதிகூட இல்லை. மேல்மாடிகளைச் சீவி எடுத்துக் கட்டடத்தைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் புல்வெளிக்கு நடுவே தெருவிளக்குகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

என் வாடகை 320 யூரோவாக இருப்பதன் காரணம் இதுதான். அந்த மகனும் மகளும் போனதால் வந்த விலை அது. எனக்குக் கிடைத்த சலுகை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது இன்னொருவர் வீட்டு நஷ்டத்தின் மறுபக்கம் என்று தெரிந்த பிறகு, படிக்கட்டில் அந்த அம்மாவைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. ஐரோப்பாவில் குறைந்த செலவில் வாழ எந்த ஊர் என்று கேட்டு எனக்கு எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். வாடகை ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டு வாருங்கள். தெரிந்தால் அந்த ஊரில் நடந்துகொள்ளும் விதம் வேறாக இருக்கும்.

வாடகையில் மிச்சம் பிடித்தது வேறு வழியில் கொஞ்சம் போகவும் செய்யும். முதல் குளிர்காலத்தில் சமையல் வாடை போக ஜன்னலை மேலாகச் சாய்த்து நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தேன். அறை குளிர்ந்தது, வெப்பக்குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, ஜன்னல் மூலையில் பூஞ்சை பிடித்தது. வருஷக் கணக்கு வந்தபோது கூடுதலாக 410 யூரோ கட்டச் சொல்லிக் காகிதம். அதை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குத்தான் போனேன். அவர் மேலே வந்து, எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் நின்று, சாத்தினார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அதன் பிறகு பூஞ்சை வரவில்லை. வீட்டுக்கு ஒன்று என்று மாதம் 18 யூரோ சொச்சம் ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. டிவி இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, இப்போது 63. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மறந்தால் திங்கட்கிழமை வரை தயிர் இல்லை.

கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் வெண்டைக்காயும் எனக்குக் கிடைப்பது வியட்நாம்காரர் கடையில். இதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1980இல் கிழக்கு ஜெர்மனி வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களைக் கூட்டிவந்தது. மொசாம்பிக், கியூபா, அங்கோலாவிலிருந்தும் வந்தார்கள். தைக்கவும் நூற்கவும் ஆலைகளில் ஆள் வேண்டியிருந்தது. 1990இல் ஆலையோடு அவர்கள் வேலையும் போனது. தங்கிவிட்டவர்கள் காய்கறிக் கடை, நூடுல்ஸ் கடை, துணி திருத்தும் கடை என்று போட்டுப் பிழைத்தார்கள். நான் வாடிக்கையாகப் போகும் கடையின் அம்மா சாக்சனி வழக்கில் 'நூ' என்று சொல்லித் தலையாட்டுவார். 'ஆமாம்' என்று பொருள். எனக்கும் அந்தச் சொல் அவரிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு முன்னால் இந்த ஊரில் வேற்று நாட்டுப் பெண்களாக நூல் ஆலைக்குப் போனவர்கள் அவர்கள்தான். அவர்கள் பட்டதில் கால்வாசி நான் படவில்லை.

பட்டது எது என்றும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் 26 விடியற்காலை, நகரத் திருவிழாவின்போது ஒருவர் கத்திக்குத்தில் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அகதிகளாக வந்தவர்கள். அன்று மாலையே தெருவில் வெளிநாட்டவரைத் துரத்தினார்கள். மறுநாள் மார்க்ஸ் தலைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் தீவிர வலதுசாரிக் கூட்டம். இந்திய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் வெளியே போகாதீர்கள் என்று செய்தி மேல் செய்தி. நான் மூன்று நாள் வெளியே போகவில்லை. நான்காம் நாள் பரிசோதனைக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். செருப்பு மாட்டிக்கொண்டு படியில் தயங்கி நின்றேன். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அந்த அம்மா கைப்பையோடு வந்து, ஒன்றும் பேசாமல் என் கையைக் கோத்துக்கொண்டு டிராம் நிறுத்தம் வரை நடந்தார். டிராம் வரும்வரை நின்றார். செப்டம்பர் 3ஆம் தேதி, இதே ஊர் இசைக்குழுவான கிராஃப்ட்கிளப்பும் மற்றவர்களும் வெறுப்புக்கு எதிராக இலவசக் கச்சேரி நடத்தியபோது 65,000 பேர் திரண்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அதே அம்மா சில மாதம் கழித்து, வெளிநாட்டவர் அளவுக்கு மீறி வந்துவிட்டார்கள் என்று என்னிடமே சொன்னார். "உங்களைச் சொல்லவில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு வலித்தது. என்னைச் சொல்லவில்லை என்றால் கடைக்கார வியட்நாம் அம்மாவைச் சொல்கிறாரா, மேல்மாடியில் இருக்கும் சிரியக் குடும்பத்தைச் சொல்கிறாரா? கேட்டேன். திக்கித் திணறி, என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். நீண்ட நேரம் பேசினோம். அவர் மனம் மாறினார் என்று சொல்ல மாட்டேன். மேல்வீட்டுச் சிரியப் பையனுக்கு இப்போது கணக்கு சொல்லித்தருகிறார், அது உண்மை. 2024 சாக்சனி தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு விழுந்தது, அதுவும் உண்மை. டிராமில் எதிரே இருக்கும் பத்துப் பேரில் மூன்று பேர் என்று கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டால் ஊரில் வாழ முடியாது. கணக்குப் போடாமல் இருக்க முயற்சி செய்கிறேன். இருட்டிய பிறகு சில தெருக்களைத் தவிர்க்கவும் செய்கிறேன். இங்கே வர நினைக்கிற பெண்களுக்கு இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மொழிதான் இந்த ஊரின் உண்மையான முன்பணம். பெர்லினில் ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளலாம். இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பள்ளியில் படித்த அந்நிய மொழி ரஷ்யன். மருத்துவரின் வரவேற்பறை, வீட்டு நிர்வாகம், வேலைக்கான நேர்காணல், எல்லாமே ஜெர்மனில்தான். வீடு தேடிய நாட்களில் பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்று வைத்துவிட்ட போன்கள் உண்டு. நல்ல ஜெர்மனில் பேசக் கற்ற பிறகு அது குறைந்தது. முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது. கீழ்வீட்டு அம்மா ஏறத்தாழ நான்கு வருஷம் என்னை மரியாதைப் பன்மையில் 'சீ' என்றே அழைத்தார். 2022 புத்தாண்டு அன்று ஒரு கேக் துண்டைக் கொடுத்து, இனி 'டூ' என்றே பேசிக்கொள்வோம் என்றார். 'ங்க' போடாமல் பெரியவர்களிடம் பேசினால் முதுகில் அடி விழும் கொங்குநாட்டில் வளர்ந்தவள் நான். அவரை 'நீ' என்று கூப்பிட எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "நீயும் போய்விடுவாயா?" பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அவர்களில் இந்தியர்கள் மிக அதிகம். படிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஸ்டுட்கார்ட்டுக்கும் மியூனிக்குக்கும் போகிறார்கள். அந்த அம்மாவின் மகன் போன அதே ரயில். 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லைப்சிக்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போக வேண்டும். பாதையில் பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிர்வண்டிக்காகச் சிறு நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஒரே தண்டவாளத்தில் வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மேற்கில் சம்பளம் அதிகம். கடன் வாங்கிப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை. எனக்குக் கடன் தீர்ந்திருந்தது, தொழில்நுட்பத் துணிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது, இருந்துவிட்டேன்.

ஆம், துணித் தொழில் இங்கே முற்றிலும் சாகவில்லை. கார்பன் இழை, கண்ணாடி இழை, காற்றாலை இறகுக்கான துணி, இவற்றுக்கான ஆராய்ச்சி நிலையங்கள் இங்கே உண்டு. திருப்பூரில் எந்தப் பின்னல் ஆலையில் கேட்டாலும் டெரோட் என்ற வட்டப் பின்னல் இயந்திரத்தின் பெயர் தெரிந்திருக்கும். 1862இல் ஸ்டுட்கார்ட் பக்கம் தொடங்கிய அந்த நிறுவனம் பின்னாளில் கெம்னிட்ஸுக்குக் குடிவந்தது. சாக்சனியின் மிகப் பெரிய நூற்பாலையாக 1850களின் இறுதியில் எழுந்த கட்டடத்தில் 2020 முதல் பல்கலைக்கழக நூலகம் இயங்குகிறது. அதை வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். என்ன கட்டடம் என்று நான் சொல்லவில்லை. "ஜன்னலப் பாத்தாலே தெரியுதே அம்மணி, மில்லுதான். நூல் அறுந்தாக் கண்ணுக்குத் தெரியோணுமல்ல?" என்றார். பிறகு, "புஸ்தகம் வெச்சிருக்காங்களா? நல்லது. எங்க மில்ல இடிச்சுப் ப்ளாட் போட்டுட்டாங்க" என்றார்.

2025இல் கெம்னிட்ஸ் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. கண்ணில் படாததைக் காண வாருங்கள் என்பதுதான் ஊர் தேர்ந்துகொண்ட அழைப்பு. அந்த வருஷம் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வந்து பார்த்தவற்றில் என் மனதைத் தொட்டது கராஜ்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து கட்டிக்கொண்ட கார் கொட்டகைகள், ஊருக்குள் ஏறத்தாழ 30,000 இருக்கின்றன. காரைவிட நினைவுகள்தான் அவற்றில் அதிகம். கீழ்வீட்டு அம்மா தன் கராஜை எனக்குத் திறந்து காட்டினார். இறந்துபோன கணவரின் ரம்பங்கள், ஊறுகாய்ப் புட்டிகள், குழந்தைகளின் பனிச்சறுக்கு வண்டி. ஒரு பிஸ்கட் டப்பாவில் நூல் சுற்றிய நான்கு பாபின். கடைசி ஷிஃப்டில் எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாராம். நான் ஒன்றை எடுத்து, இழையை உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு நம்பர் சொல்லத் தெரியவில்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "தொட்டாத்தான் தெரியும்" என்று பதில் வந்தது.

டிசம்பரில் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். எர்ட்ஸ்கெபிர்க மலையில் பல நூற்றாண்டு வெள்ளிச் சுரங்கம் நடந்தது. குளிர்காலத்தில் இருட்டோடு சுரங்கத்தில் இறங்கி இருட்டோடு ஏறி வந்த மனிதர்களுக்கு வெளிச்சம் என்பது பெரிய ஆசை. அந்த ஆசையில் பிறந்த அரைவட்ட விளக்கு வளைவுகளை ஒவ்வொரு ஜன்னலிலும் வைக்கிறார்கள். பாதி வீடு காலியான தெருவிலும் இருக்கிற ஜன்னல்களில் எல்லாம் ஏழு சுடர் எரியும். நம்மூர்க் கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்னே பின்னே வரும். நான் அகல் வைப்பேன். தெருவில் யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

போன மாதம் கீழ்வீட்டு அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. முழங்கால் படியேற மறுக்கிறது. வீடு காலியாகிறது என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. இந்தமுறை வாடகை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நாமக்கல்லிலிருந்து வரப்போகும் ஒரு பெண்ணுக்கு அதைச் சொன்னேன். அவள் வீடியோவில் பார்க்க வேண்டும் என்றாள். போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினேன். படுக்கையறை காலி. கூடம் காலி. சமையலறைக்கு வந்தபோது அடுப்பும் தொட்டியும் அலமாரிகளும் அப்படியே இருந்தன. துடைத்து வைத்திருந்தது. எப்போது கழற்றுவார்கள், ஆள் கூப்பிடட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அதை விட்டுவிட்டுப் போகிறேன்" என்றார். "வருகிற பெண்ணுக்கு முதல் நாளே சோறு வைக்க வேண்டுமே."